பெட்டியில் எழுதிய வேகமும் கார்டு ஓடும் வேகமும்

கணினியில் கேம் காட்சிகளை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. 2016இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 என்ற கார்டின் விவரப் பட்டியலில், அதன் சிப் ஓடும் வேகத்துக்கு (கிளாக்) இரண்டு எண்கள் இருந்தன: பேஸ் கிளாக் 1607 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் கிளாக் 1733 மெகாஹெர்ட்ஸ். கார்டைப் பொருத்தி ஒரு கேமைத் திறந்தவர்கள் திரை ஓரத்தில் பார்த்தது வேறொரு எண். 1850, 1880 என்று பூஸ்ட் கிளாக்கையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது சத்தமில்லாமல் சில படிகள் இறங்கியிருக்கும். சரி, நாமே கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம் என்று ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டும்) மென்பொருளில் +100 கொடுத்தால், கூடுவது நூறாக இருக்காது. ஒரு கேமில் 90 கூடும், இன்னொன்றில் 50தான் கூடும்.

மென்பொருள் பொய் சொல்கிறது என்றோ, தன் கார்டு பழுது என்றோ இதைப் பார்த்து முடிவு கட்டுபவர்கள் இன்றும் உண்டு. இரண்டும் இல்லை. பூஸ்ட் கிளாக் என்ற சொல்லை நாம் வண்டியின் உச்ச வேகம் போலப் படிக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. என்விடியாவின் வழக்கில் அது உச்சமும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. வழக்கமான கேம்களில் கார்டு சராசரியாக எந்த அளவில் ஓடும் என்ற ஒரு மதிப்பீடு. உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியது பேஸ் கிளாக்கை மட்டும்தான்.

இதே சொல்லுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் பொருள் வேறு. 2019 ஜூலையில் வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டிக்கு மூன்று எண்கள் கொடுத்தார்கள்: பேஸ் 1605, கேம் கிளாக் 1755, பூஸ்ட் 1905. இங்கே பூஸ்ட் என்பது சிறு சிறு கணங்களில் தொடக்கூடிய உச்சம். கேம் ஆடும்போது எதிர்பார்க்க வேண்டியது நடுவில் உள்ள கேம் கிளாக். இன்டெல் தன் ஆர்க் ஏ770க்கு 2100 என்று ஒரே எண்ணைச் சொன்னது, கார்டு ஓடுவதோ பெரும்பாலும் 2400 பக்கத்தில். ஆக, வெவ்வேறு நிறுவனங்களின் பூஸ்ட் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது வேகம் என்று பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

ஒரே வேகத்தில் ஓடிய காலம்

2010இல் வந்த ஜிடிஎக்ஸ் 580க்கு இந்தத் தொல்லை கிடையாது. சுமை வந்தால் 772 மெகாஹெர்ட்ஸ், எந்த கேமிலும் அதேதான். ஓவர்கிளாக் செய்வதும் எளிது. 850 என்று கொடுத்தால் 850இல் ஓடும், இல்லாவிட்டால் திரை உறைந்து நிற்கும்.

எளிதுதான், ஆனால் வீணும் அதிகம். ஒரே வேகம் என்று வைத்துவிட்டால், அந்த வேகத்தை மிக மோசமான நிலைமைக்கு ஏற்றபடி வைத்தாக வேண்டும். அந்தத் தொகுதியில் வந்த மிகச் சுமாரான சிப், மிகக் கடுமையான சுமை, நல்ல வெயில் நாள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாலும் கார்டு தாங்க வேண்டும். ஃபர்மார்க் போன்ற சோதனை நிரல்கள் எந்த கேமும் இழுக்காத அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும். அதற்காக வேகத்தைக் குறைத்து வைத்தால், மற்ற நேரமெல்லாம் கார்டில் ஐம்பது, அறுபது வாட் சும்மா கிடக்கும்.

முதலில் வந்த தீர்வு கீழ்நோக்கியது. ஜிடிஎக்ஸ் 580 அப்படிப்பட்ட நிரல்களைக் கண்டால் தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொண்டது. 2010 டிசம்பரில் ரேடியான் எச்டி 6900 வரிசையுடன் ஏஎம்டி பவர்டியூனைக் கொண்டுவந்தது. சிப்புக்குள் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணி, அதிலிருந்து மின்நுகர்வைக் கணக்கிட்டு, வரம்பு மீறினால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது. மேல்நோக்கித் திருப்பியது 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680. பேஸ் 1006, பூஸ்ட் 1058, மிச்சம் இருக்கும் வாட்டுக்கு ஏற்ப 13 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏறிக்கொள்ளும். 1100ஐத் தொடுவதெல்லாம் அதற்குச் சாதாரணம். மறு ஆண்டு பிப்ரவரியில் வந்த என்விடியாவின் டைட்டன் கார்டு இந்தக் கணக்கில் வெப்பத்தையும் சேர்த்தது. 80 டிகிரி செல்சியஸ் என்று ஓர் இலக்கு வைத்து, அதை ஒட்டியே வேகத்தைக் கூட்டிக் குறைத்தது.

புதிய முறையின் சங்கடம் ஊருக்குத் தெரிந்தது 2013 அக்டோபரில். ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் '1000 மெகாஹெர்ட்ஸ் வரை' என்ற வாசகத்தோடு வந்தது. கீழே எது வரை என்று சொல்லவில்லை. அமைதி முறையில் ஃபேன் 40 சதவீதத்துக்கு மேல் சுழலாது, சிப் 95 டிகிரியைத் தொட்டதும் வேகம் இறங்கத் தொடங்கும். ஐந்து நிமிடச் சோதனையில் ஆயிரத்தில் ஓடிய கார்டு அரை மணி நேரத்தில் எங்கே நின்றது என்பது கார்டுக்குக் கார்டு மாறியது. 'வரை' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவை ஒளித்து வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேகம் ஓர் எண் அல்ல, ஒரு வளைகோடு

இன்றைய கார்டுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்ன வோல்டேஜில் இந்த சிப் இன்ன வேகத்தைத் தாங்கும் என்று புள்ளி புள்ளியாக எழுதிய பட்டியல். வரைபடமாகப் போட்டால் மேலே போகப் போகத் தட்டையாகும் ஒரு வளைகோடு கிடைக்கும். அடிமட்டத்தில் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டினால் நிறைய வேகம் கிடைக்கும். உச்சியை நெருங்கும்போது அதே அளவு வோல்டேஜுக்கு ஓரிரு படிதான் கிடைக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற ஓவர்கிளாக் மென்பொருளில் கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் இந்தக் கோடு கண்முன் விரியும். அதில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக நகர்த்தும் வசதி ஜிடிஎக்ஸ் 1080 தலைமுறையோடு வந்தது. அதற்கு முன் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில்தான் தூக்க முடியும்.

கார்டு இந்தக் கோட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே ஏறவிடாமல் அதைக் கட்டியிருக்கும் கயிறுகள் மூன்று: வாட் வரம்பு, வெப்ப வரம்பு, வோல்டேஜ் வரம்பு. எது முதலில் இறுகுகிறதோ அங்கே கார்டு நிற்கும். கனமான கேமில் பெரும்பாலும் வாட் கயிறு. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் வெப்பக் கயிறு. பழைய, எளிதான கேமில் வாட்டும் மிச்சம், வெப்பமும் மிச்சம். அங்கே கோட்டின் உச்சிப் புள்ளி வரை ஏறி வோல்டேஜ் வரம்பில் தலை இடிக்கும்.

வாட் கயிறு ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுகுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. சிப்பின் இயக்க மின்நுகர்வு வேகத்துக்கு நேர்விகிதம், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வோல்டேஜை ஐந்து சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், மின்நுகர்வு 21 சதவீதம் ஏறும். பத்துக்கு இருபத்தொன்று. உச்சிப் பகுதியில் இந்தப் பண்டமாற்று இன்னும் மோசம்.

வெப்பம் இரண்டு வழியில் உள்ளே வருகிறது. நேர் வழி தெரிந்ததுதான்: வரம்பைத் தொட்டால் வேகம் குறையும். பலரும் கவனிக்காதது என்னவென்றால், என்விடியா கார்டுகள் வரம்பை நெருங்கும் வரை காத்திருப்பதில்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் 40 டிகிரி பக்கத்திலேயே முதல் படி இறங்கிவிடும். பிறகு சூடு ஏற ஏற இன்னும் சில படிகள். கேம் தொடங்கிய கால் மணி நேரத்தில் காணாமல் போன மெகாஹெர்ட்ஸ் போன இடம் இதுதான். மறைமுக வழியும் ஒன்று உண்டு. சூடான சிப்பில் மின்கசிவு கூடும். வேலை எதுவும் செய்யாமலே அது வாட்டைத் தின்னும், அந்த அளவுக்கு வேகத்துக்கான பங்கு குறையும். அதனால்தான் நல்ல ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) மாற்றினால், எந்த அமைப்பையும் தொடாமலே கார்டு கொஞ்சம் ஏறிக்கொள்கிறது.

+100 எங்கே போகிறது

எளிமைக்காக ஒரு கற்பனைக் கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் கோட்டில் 0.900 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ், 0.950இல் 1875, 1.000இல் 1950. கனமான ஒரு கேமில் வாட் வரம்பு இறுகி, கார்டு 0.950 வோல்ட், 1875 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது. இப்போது +100 கொடுக்கிறோம். கோடு முழுக்க நூறு மேலே போகிறது. 0.950இல் இப்போது 1975.

ஆனால் அதே வோல்டேஜில் வேகம் ஐந்து சதவீதம் கூடினால் வாட்டும் ஐந்து சதவீதம் கூடும். கார்டு ஏற்கெனவே வரம்பில் நிற்கிறது, ஆகவே கோட்டின் வழியே கீழே இறங்கும். 0.925 வோல்ட்டில் பழைய வேகம் 1840க்குச் சற்றுக் குறைவு, புதிய கோட்டில் 1940. அங்கே வாட் வரம்புக்குள் வந்துவிடுகிறது, கார்டு நிற்கிறது. நாம் கேட்டது 100, கிடைத்தது சுமார் 65.

இதில் கவனிக்க வேண்டியது விட்டுப்போன 35 அல்ல. வோல்டேஜைப் பாருங்கள்: 0.950இல் இருந்தது 0.925க்கு இறங்கியிருக்கிறது. ஓவர்கிளாக் என்று நினைத்து நாம் செய்தது, வாட் வரம்பில் நிற்கும் கார்டைப் பொறுத்தவரை, ஒரு அண்டர்வோல்ட். 'இந்த சிப் ஒவ்வொரு வோல்டேஜிலும் நீ நினைப்பதைவிட நூறு மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகத் தாங்கும்' என்று கார்டிடம் சொல்கிறோம். 'இந்த வேகத்துக்கு நீ நினைப்பதைவிடக் குறைந்த வோல்டேஜ் போதும்' என்பதும் அதே வாக்கியம்தான், மறுபக்கத்திலிருந்து சொன்னால்.

ஆகவே ஓவர்கிளாக் வேகத்துக்கு, அண்டர்வோல்ட் சிக்கனத்துக்கு என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. சிப்பில் தயாரிப்பாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளிதான் இரண்டுக்கும் மூலதனம். அதை வேகமாக மாற்றிக்கொள்வதா, வாட்டாக மாற்றிக்கொள்வதா என்பதே தேர்வு. அந்தக் கற்பனைக் கார்டையே எடுங்கள். வேகம் 1875 போதும், கூட வேண்டாம் என்று சொன்னால், நகர்த்திய கோட்டில் அதற்கு 0.885 வோல்ட் பக்கத்தில் போதும். சிப்பின் இயக்க மின்நுகர்வு 13 சதவீதம் குறையும், ஃபேன் சத்தமும் குறையும்.

ஏஎம்டி பக்கம் இது இன்னும் வெளிப்படை. 2017இல் வந்த வேகா 64 கார்டில் வோல்டேஜைக் குறைத்தவர்கள் வேகம் ஏறுவதைப் பார்த்து வியந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியில் வோல்டேஜை மில்லிவோல்ட் கணக்கில் கழிக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. கழிக்கக் கழிக்கக் கார்டு தானாக மேலே போகும். ஏஎம்டி மென்பொருளில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆர்எக்ஸ் 6000, 7000 வரிசைகளில் வோல்டேஜ் பெட்டியில் 1100 என்று எழுதினால் 1.1 வோல்ட்டில் ஓடும் என்று பொருளில்லை. தொடக்க எண்ணிலிருந்து எவ்வளவு குறைத்தீர்களோ அந்த அளவுக்குக் கோடு நகரும், அவ்வளவுதான்.

எந்தக் கயிறு இறுகுகிறது என்று பார்த்த பிறகுதான் எந்த ஸ்லைடரைத் தொடுவது என்று தீர்மானிக்க வேண்டும். என்விடியா கார்டுகளில் ஜிபியூ-இசட் மென்பொருள் இதை ஒரு வரியில் சொல்லிவிடும்: வேகம் மட்டுப்படக் காரணம் வாட்டா, வெப்பமா, வோல்டேஜா என்று. வாட் என்று காட்டும்போது வோல்டேஜ் ஸ்லைடரைத் தள்ளுவதில் பயனே இல்லை. அந்த ஸ்லைடர் ஜிடிஎக்ஸ் 1080இல் செய்ததெல்லாம் 1.062 வோல்ட்டுக்கு மேல் 1.093 வரை இருந்த சில புள்ளிகளைத் திறந்துவிட்டதுதான். அங்கே ஏறவே வாட் இல்லாத கார்டுக்குத் திறந்தால் என்ன, மூடினால் என்ன. வாட் வரம்பைக் கூட்டினால் பலன் உண்டு, ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம்தான்: ஹீட்சிங்க் தாங்காவிட்டால் அடுத்து வெப்பக் கயிறு இறுகும்.

வாட் எவ்வளவு தூரம் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் மடிக்கணினிகளைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3080 மடிக்கணினிப் பதிப்புக்கு என்விடியா கொடுத்த பூஸ்ட் கிளாக் 1245 முதல் 1710 வரை. சிப் ஒன்றேதான். 80 வாட் கொடுக்கும் மெல்லிய கணினியில் ஒரு முனை, 150 வாட் கொடுக்கும் தடித்த கணினியில் மறு முனை.

சோதனையில் வழுக்கும் இடங்கள்

பெஞ்ச்மார்க் எனும் நல்ல கனமான சோதனை நிரலை ஒரு மணி நேரம் ஓட்டி, கிராஷ் ஆகவில்லை, ஓவர்கிளாக் நிலையானது என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். மறுநாள் ஏதோ ஒரு பழைய கேமின் மெனுத் திரையில் கார்டு விழும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கனமான சுமையில் வாட் வரம்பு கார்டைக் கோட்டின் நடுப்பகுதியிலேயே பிடித்து வைத்திருந்தது. சோதனை ஆனது அந்த நடுப்பகுதி மட்டும்தான். இலகுவான காட்சியில் கயிறு தளர்ந்ததும் கார்டு உச்சிப் புள்ளிக்குப் போகிறது. அங்கேயும் நீங்கள் நூறு கூட்டி வைத்திருக்கிறீர்கள், ஆனால் அங்கே அது தாங்குமா என்று யாரும் பார்க்கவில்லை.

2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வெளிவந்த முதல் வாரங்களில், எதையும் தொடாதவர்களுக்கே கேம் பாதியில் மூடிக்கொண்டது. கார்டு 2000 மெகாஹெர்ட்ஸை எட்டும் கணங்களில்தான் பெரும்பாலும் இப்படி ஆனது. கார்டின் பின்புறம் உள்ள, மின்சாரத்தைச் சீராக்கும் கெபாசிட்டர்களைப் பற்றி இணையம் முழுக்கப் பேச்சாக இருந்தது. மாத இறுதியில் வந்த 456.55 டிரைவர் மென்பொருளுக்குப் பிறகு பலருக்கும் பிரச்சினை அடங்கியது. பெட்டியில் இருந்த பூஸ்ட் எண் 1710. தடுக்கி விழுந்த இடம் அதற்கு முந்நூறு மெகாஹெர்ட்ஸ் மேலே.

குளிர்ந்த கார்டும் இதே வேலையைக் காட்டும். கணினியை இயக்கிய உடன் சிப் 35 டிகிரியில் இருக்கும்போது, சூடான பிறகு ஓடுவதைவிட இரண்டு மூன்று படி மேலே போகும். ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து ஒரு படி 15 மெகாஹெர்ட்ஸ், ஆக மூன்று படி 45. கேமின் முதல் நிமிடத்தில் மட்டும் விழுகிறது, அதைத் தாண்டினால் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கோட்டின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிட்டால், அதாவது ஒரு குறிப்பிட்ட வோல்டேஜுக்கு மேல் வேகம் கூடாதபடி செய்துவிட்டால், இந்த இரண்டு தொல்லையும் ஒன்றாகப் போகும்.

அப்புறம், திரையில் தெரியும் மெகாஹெர்ட்ஸையும் அப்படியே நம்ப வேண்டாம். அது கார்டு தனக்குக் கேட்டுக்கொண்ட வேகம். வோல்டேஜ் போதாமல் தடுமாறும்போது சிப் கிளாக் துடிப்புகளை இழுத்து நீட்டிச் சமாளிக்கும், அப்போது உண்மையில் நடக்கும் வேகம் அதைவிடக் குறைவு. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் இதை எஃபெக்டிவ் கிளாக் என்று தனி வரியில் காட்டும். ஒரே ஒரு புள்ளியை மட்டும் பிடித்து உயரே தூக்கி அண்டர்வோல்ட் செய்தவர்களுக்கு இந்த வரி அடிக்கடி ஏமாற்றம் தரும். மேலே 1900 என்று இருக்கும், கீழே 1860 என்று இருக்கும். கோடு முழுவதையும் நகர்த்திவிட்டு உச்சியை மட்டும் வெட்டினால் இந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கும்.

கார்டில் உள்ள நினைவகத்துக்கு இந்தப் பூஸ்ட் கணக்கு கிடையாது. சுமை வந்தால் கொடுத்த வேகத்தில் ஓடும். ஆனால் அதுவும் அதே வாட் பையிலிருந்துதான் செலவழிக்கிறது, நினைவகத்தை ஏற்றினால் வாட் வரம்பில் இருக்கும் கார்டின் சிப் சில படி இறங்கக்கூடும். ஆர்டிஎக்ஸ் 3080இல் வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவக வகையில் இன்னொரு பொறியும் உண்டு. தரவு பிழையாகப் போனால் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பிவிடும். அதனால் எல்லை மீறினாலும் உடனே திரையில் புள்ளிகள் தெறிக்காது, கிராஷும் ஆகாது. +1000இல் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்பவர்கள் பலர் நொடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் எண்ணிக்கையைக் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். ஒரே காட்சியை ஐம்பது ஐம்பதாகக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் வேகம் ஏறும், ஃபிரேம் இறங்கத் தொடங்கும். அனுப்பியதையே திரும்ப அனுப்பும் வேலை அங்கே ஆரம்பித்துவிட்டது, எனவே அதற்கு இரண்டு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.